கூரையைச் சரிசெய்கிறவர்கள்

(கோடைக்கானலில் நடைபெற்ற ஆதரவாளர் கூடுகையில் நமது மருத்துவமனைச் சாப்ளின் ஐயர் ஆற்றிய உரை)



 

இந்த ஆண்டு எங்கள் அலுவலகத்துக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்றை எழுதியவர் ஹாம் ரேடியோவில் ஆர்வமுள்ள ஒரு வாலிபத் தம்பி. “வெளிநாடுகளில் ஹாம் ரேடியோ நண்பர்கள் மலைக்கு மலை ரவுட்டர் வைத்து ஒரு வலை பின்னுகிறார்கள். ஓரிடத்தில் இன்டர்நெட் இருந்தால் அந்த வலை வழியாக மற்ற இடங்களுக்கும் அதைப் பகிர முடியும். பழனி மலையில் நம் ஊழியத்துக்கு ஏன் அப்படிச் செய்யக் கூடாது?” என்று கேட்டிருந்தார். மற்றக் கடிதம் பல ஆண்டுகளாகக் காணிக்கை அனுப்பிவரும் ஒரு வயதான அம்மா எழுதியது. “ஏழைகளுக்கு மருந்து வாங்க நாங்கள் கொடுக்கும் பணத்தில் டவர் கட்டப் போகிறீர்களா ஐயா?” என்பது அவர்களுடைய கேள்வி.

இரண்டும் அன்பினால் எழுந்த கேள்விகள். இரண்டுக்கும் ஒரே நாளில் பதில் சொல்வது நல்லது என்று எண்ணியே இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டோம்.

நான்கு பேர் சுமந்த மலை

மாற்கு சுவிசேஷத்தின் இரண்டாம் அதிகாரத்தில் வரும் திமிர்வாதக்காரனை நாம் எல்லாரும் அறிவோம். நான்கு பேர் அவனைச் சுமந்து வந்தார்கள். ஜனக்கூட்டம் வழியை அடைத்திருந்தபடியால் கூரையைப் பிரித்து, அவனை ஆண்டவருக்கு முன்பாக இறக்கினார்கள்.

பழனி மலையில் இருப்பவர்களுக்கு இது வேதாகமக் காலத்துக் கதை மட்டுமல்ல. 1845-ஆம் ஆண்டில் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் கோடைக்கானலில் குடியேறியபோது இங்கே வண்டிப்பாதை கிடையாது. பெரியகுளம் பக்கத்திலிருந்து நடந்தும், குதிரையிலும், டோலியிலும்தான் ஏறினார்கள். சமவெளியின் காய்ச்சலிலும் காலராவிலும் தங்கள் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள், உயிர் பிழைக்க இந்தக் குளிர்ந்த மலையைத் தேடி வந்தார்கள். அவர்களைச் சுமந்து ஏறியவர்கள் நம்முடைய ஜனங்கள். அந்தச் சுமைதூக்கிகளின் பெயர்களைச் சபைச் சரித்திரத்தில் தேடினாலும் காண்பது அரிது.

பிற்பாடு மலைச்சாலை வந்தது, பேருந்து வந்தது. ஆனாலும் வெள்ளகவி போன்ற சிற்றூர்கள் நெடுங்காலம் சாலை இல்லாமலேயே இருந்தன. பிரசவ வேதனைப்படும் பெண்ணையும், பாம்பு கடித்தவரையும், கட்டையில் கட்டிய துணித் தொட்டிலில் வைத்து நான்கு பேர் தோள்மாற்றிச் சுமந்து இறங்குவது பழனி மலைக் கிராமங்கள் பலவற்றின் அனுபவம். பளியர் மக்களின் குடியிருப்புகளில் ஊழியம் செய்தவர்களைக் கேட்டால் இன்னும் விவரமாகச் சொல்வார்கள்.

சுமந்து இறங்கும் அந்த நேரத்தில் யாருக்கும் வரும் கேள்வி ஒன்று உண்டு. “இவரைக் கீழே கொண்டுபோக வேண்டுமா, இங்கேயே பார்த்துக்கொள்ளலாமா?” இந்தக் கேள்விக்கு விடை தெரிந்த மருத்துவர் கீழே இருக்கிறார், கேட்கிறவர் மேலே இருக்கிறார். கோடைக்கானலுக்கும் பெரியகுளத்துக்கும் நேர்கோட்டில் பார்த்தால் சுமார் 15 கிலோமீட்டர்தான். தெளிந்த மாலையில் கோக்கர்ஸ் வாக்கில் நின்றால் சமவெளி விளக்குகள் கண்ணுக்குத் தெரிகின்றன. சாலை வழியே போனால் அதைப்போல் பல மடங்கு சுற்றவேண்டும். கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் உதவி இருந்தும் கைக்கு எட்டுவதில்லை. நம் தம்பி எழுதிய கடிதத்தின் நியாயம் இதுவே.

தேனியில் நடந்தது

இப்படிப்பட்ட ஒரு காரியம் நம் மலையடிவாரத்திலேயே ஏற்கெனவே நடந்திருக்கிறது. அதைச் செய்தது மிஷன் மருத்துவமனை அல்ல, ஹாம் ரேடியோக்காரர்களும் அல்ல. ஆனாலும் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது அதில் நிறைய இருக்கிறது.

டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்கள் 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையை நீங்கள் அறிவீர்கள். தேனியில் அதன் கிளை 1985-இல் வந்தது. கிராமத்தார் தேனி வரைக்கும் வருவதற்கே தயங்குகிறார்கள் என்று கண்டு, சிற்றூர்களில் பார்வை மையங்கள் என்னும் சிறு நிலையங்களை அமைத்தார்கள். அங்கே மருத்துவர் இல்லை. பயிற்சி பெற்ற பெண் பணியாளர் கண்ணைச் சோதிப்பார். தேனியில் உள்ள மருத்துவர் கம்ப்யூட்டர் திரையில் நோயாளியோடு முகம் பார்த்துப் பேசி, அறுவை சிகிச்சை வேண்டுமா, கண்ணாடி போதுமா என்று சொல்வார்.

அதற்கு நல்ல வேகமுள்ள தொடர்பு வேண்டும். அந்நாளில் கிராமத்துத் தொலைபேசிக் கம்பி அதற்குப் போதாது. அப்போது அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் புரூவர் என்னும் பேராசிரியரின் குழுவினர் அரவிந்தோடு கைகோத்தார்கள். வீட்டிலும் கடையிலும் நாம் வைத்திருக்கும் சாதாரண வைஃபை கருவியையே எடுத்து, ஒரே திசையை நோக்கும் ஆன்டெனாவை அதில் மாட்டி, ஊருக்கு ஊர் குறிபார்த்து வைத்தார்கள். 2008-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையின்படி, தேனி மருத்துவமனையோடு 5 பார்வை மையங்களை 11 ரவுட்டர்களும் 9 இணைப்புகளும் சேர்த்தன. மிகக் குறைந்த தூரம் 1 கிலோமீட்டர், அதிக தூரம் ஆண்டிப்பட்டிப் பக்கம் 15 கிலோமீட்டர். டவர்களின் உயரம் 24 முதல் 42 மீட்டர் வரை. டவர் இல்லாத இடத்தில் கூரைமேல் குழாய் நட்டார்கள். ஒரு துணி ஆலையின் புகைபோக்கியைக்கூட விட்டுவைக்கவில்லை. மாதந்தோறும் ஆயிரக்கணக்கானோர் இந்த வழியாக மருத்துவரைக் கண்டார்கள்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. சாதாரண வைஃபை கருவி ஒரு செய்தியை அனுப்பியவுடன் “கிடைத்தது” என்ற பதிலுக்குக் கொஞ்ச நேரமே காத்திருக்கும். ஓர் அறைக்குள் அது போதும். 15 கிலோமீட்டர் போய்த் திரும்ப ரேடியோ அலைக்கு ஒரு விநாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரம் ஆகிறது. நமக்கு அது ஒன்றுமில்லை. கருவிக்கோ அது நெடுநேரம். பதில் வரவில்லையே என்று அது அதே செய்தியை மறுபடி மறுபடி அனுப்பும். அதோடு ஒரே டவரில் இருக்கும் இரண்டு கருவிகள் ஒன்றின் பேச்சை ஒன்று கெடுக்கும். ஆகவே அந்தக் குழுவினர் முறை வைத்தார்கள். இந்நேரம் இவர் பேசுவார், அந்நேரம் அவர் பேசுவார் என்று ஒழுங்குபடுத்தினார்கள். நம் ஆராதனையில் ஆயர் ஒரு வசனம் வாசிக்க, சபையார் அடுத்ததை வாசிப்பதுபோல. அந்த ஒழுங்கு வந்தவுடன், அதே கருவிகள் முன்னிலும் இரண்டு முதல் ஐந்து மடங்கு வரை அதிகமாய்ச் செய்தியைக் கடத்தின.

வலை என்றால் என்ன?

தேனியில் இருந்தது புள்ளிக்குப் புள்ளி நூல் கட்டியதுபோன்ற ஏற்பாடு. நம் தம்பி கேட்டது அதைவிட ஒரு படி மேலே: மெஷ் என்கிற வலைப்பின்னல். இதில் ஒவ்வொரு கருவியும் தன் செய்தியை அனுப்புவதோடு, பக்கத்தில் உள்ளதன் செய்தியையும் வாங்கி அடுத்ததற்குக் கொடுக்கும். ஒரு வழி அடைபட்டால் கருவிகளே வேறு வழியைக் கண்டுபிடித்துக்கொள்ளும்.

எருசலேமின் அலங்கத்தை நெகேமியா எப்படிக் கட்டினார் என்று மூன்றாம் அதிகாரத்தில் பாருங்கள். பொற்கொல்லரும், பரிமளத் தைலக்காரரும், ஆசாரியரும், ஒருவர் தன் குமாரத்திகளோடும்கூட, அவரவர் தங்கள் வீட்டுக்கு எதிரே உள்ள பகுதியைப் பழுதுபார்த்தார்கள். ஒருவர் பகுதி முடிகிற இடத்தில் மற்றவர் பகுதி தொடங்கியது. மெஷ் வலையும் அப்படித்தான். முழு அலங்கத்தையும் ஒருவர் கட்டவேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொருவரும் தன் பகுதியைத் தாங்கவேண்டும்.

இந்தியாவில் இதற்கு வழி திறந்தது 2005 ஜனவரியில். அப்போதுதான் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை வெளியிடங்களில் லைசென்ஸ் இல்லாமல், குறிப்பிட்ட சக்திக்குள் பயன்படுத்தலாம் என்று அரசு அறிவித்தது. அடுத்த மாதமே இமயமலைச் சாரலில் தர்மசாலாவில் திபெத்திய அகதிகளின் நிறுவனங்களை இணைத்து ஒரு மெஷ் வலை தொடங்கப்பட்டது. அங்கே மின்சாரத்துக்குச் சூரிய ஒளி. தொல்லை கொடுத்தவற்றில் ஒன்று ஆன்டெனாவைப் பிடித்து ஊஞ்சலாடும் குரங்குகள். கோடைக்கானல்வாசிகள் சிரிப்பது தெரிகிறது. நம் குரங்குகள் அவற்றுக்குச் சளைத்தவை அல்லவே! 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கும் 2018 அக்டோபரில் இதேபோன்ற தாராளமான அனுமதி வந்தது.

நம் மலைக்கு மூடுபனி ஒரு தடையாகுமோ என்று சிலர் கேட்டார்கள். மூடுபனி நம் கண்ணை மறைக்கும். இந்த அலைகளை அது அவ்வளவாய்த் தடுப்பதில்லை. தடுப்பது நடுவே நிற்கும் மலைமுகடும், மழையில் நனைந்த இலைகளுமே. இன்று இரண்டு இடங்களுக்கு நடுவே வெட்டவெளியாய் இருந்தாலும், சில ஆண்டுகளில் யூக்கலிப்டஸும் சீகை மரமும் வளர்ந்து மறைத்துவிடும். ஆகவே இடம் தேர்ந்தெடுக்கும்போது இன்றைய மரத்தை அல்ல, வளரப்போகும் மரத்தைக் கணக்கில் வைக்கவேண்டும்.

ஹாம் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை

அமெரிக்காவில் ஹாம் ரேடியோக்காரர்கள் சேர்ந்து, அவசரகாலத் தகவல் வலை என்ற கருத்தில் ஏ.ஆர்.இ.டி.என். என்னும் ஏற்பாட்டை நடத்துகிறார்கள். கடையில் கிடைக்கும் ரவுட்டரில் மென்பொருளை மாற்றி, ஹாம்களுக்கு உரிய அலைவரிசையில் பேசவைக்கிறார்கள். ஆயினும் அவர்களே ஓர் எச்சரிக்கை தருகிறார்கள். நாமும் அதை அசட்டை செய்யக் கூடாது.

ஹாம் ரேடியோ என்பது உலகமெங்கும் இரண்டு நிபந்தனைகளோடு கொடுக்கப்பட்ட சலுகை. ஒன்று, ஆதாய நோக்கமோ வியாபாரமோ கூடாது. இரண்டு, பேசுவதன் பொருளை மறைக்கும் சங்கேத மொழி கூடாது. யார் கேட்டாலும் விளங்கவேண்டும். இன்றைய இன்டர்நெட்டோ ஏறக்குறைய முழுவதும் பூட்டுப்போட்டே பயணம் செய்கிறது. வங்கிக் கணக்கு, மருத்துவப் பதிவு எல்லாம் பூட்டுக்குள்தான் போகவேண்டும். நோயாளியின் காரியத்தைப் பூட்டாமல் அனுப்பினால் அவருடைய அந்தரங்கத்துக்குத் துரோகம். பூட்டி அனுப்பினால் ஹாம் விதிக்கு மீறுதல். ஆகவே அன்றாட மருத்துவமனை வேலைக்கு ஹாம் அலைவரிசை ஏற்றதல்ல. லைசென்ஸ் வேண்டாத வைஃபை அலைவரிசையே அதற்கு நேர்மையான வழி. சட்டத்துக்குக் கீழ்ப்படிவதும் நம் சாட்சியின் ஒரு பாகம்.

அப்படியானால் ஹாம் நண்பர்களுக்கு வேலை இல்லையா? நிச்சயமாக உண்டு. 2004 டிசம்பரில் ஐதராபாத்தின் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் என்னும் சகோதரி தம் குழுவோடு அந்தமானுக்குப் போயிருந்தார். உலகெங்கும் உள்ள ஹாம்களோடு பேசி மகிழ்வதற்காகப் போன பயணம் அது. 26-ஆம் தேதி சுனாமி வந்தது. மற்றத் தொடர்புகள் அறுந்துபோன நிலையில் போர்ட் பிளேரிலிருந்து அவர்களுடைய ரேடியோ பேசியது. யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று தீவுகளிலிருந்து வீடுகளுக்குச் செய்தி போனது. பொழுதுபோக்காகக் கற்றது ஜனங்களுக்குக் கைகொடுத்தது.

நம் மலைக்கும் அப்படிப்பட்ட நாள் வந்ததுண்டு. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, உள்நாடு கடந்து இந்த மலைவரைக்கும் வந்தது. மரங்கள் சாய்ந்து சாலைகள் அடைபட்டன. மின்சாரம் நின்றது. மின்சாரம் நின்றால் செல்போன் டவர்களும் பேட்டரி தீரும்வரைதான். இன்று பல கிராமங்களில் செல்போன் கிடைக்கிறது என்பது உண்மை, அதற்காக ஸ்தோத்திரம். ஆனால் மிகவும் தேவைப்படும் நாளில் முதலில் மௌனமாவதும் அதுவே. அந்நாளில் ஒரு பேட்டரியும், மரத்தில் கட்டிய ஒரு கம்பியும், பயிற்சி பெற்ற ஒரு மனுஷனும் போதும், ஹாம் ரேடியோ பேசும். ஆகையால் நம் வாலிபர் ஐக்கியத்தார் மத்திய அரசின் வயர்லெஸ் பிரிவு நடத்தும் ஹாம் தேர்வை எழுதி, லைசென்ஸும் அழைப்புக் குறியும் பெற்றுக்கொள்ளும்படி அன்பாய்க் கேட்டுக்கொள்கிறோம். பேரிடர் நாளுக்கு ஹாம் ரேடியோ, அன்றாடத்துக்கு வைஃபை. இரண்டையும் குழப்பாமல் இருந்தால் இரண்டும் உதவும்.

அம்மாவின் கேள்வி

இப்போது அந்த வயதான அம்மாவின் கேள்விக்கு வருகிறோம். டவருக்காக மருந்தை நிறுத்துவீர்களா? இல்லை அம்மா, நிறுத்தமாட்டோம். மருந்துக்கென்று கொடுக்கப்பட்டது மருந்துக்கே போகும். ஆனால் அவர்களுடைய கேள்விக்குப் பின்னால் ஆழமான வேறொரு கேள்வி இருக்கிறது. “கட்டிய பிறகு அது நிற்குமா?” என்பதே அது.

இதற்கும் தேனி அனுபவம் பதில் தருகிறது. அந்தக் குழுவினர் மிகவும் உண்மையாய் எழுதிவைத்திருக்கிறார்கள். ரேடியோ அலையைத் தூரம் அனுப்புவதைவிட, கட்டிய வலையை உயிரோடு வைப்பதே கடினமாயிருந்தது என்கிறார்கள். அவர்களுக்கு வந்த பழுதுகளில் பெரும்பாலானவை ரேடியோவின் பழுதுகள் அல்ல, மின்சாரத்தின் பழுதுகள். 230 வோல்ட் வரவேண்டிய கம்பியில் 500 வோல்ட்டுக்கு மேலும், சில வேளை 1000 வோல்ட் வரையும் ஒரு கணம் பாய்ந்ததை அளந்திருக்கிறார்கள். அடாப்டர்கள் எரிந்தன. பாதியில் மின்சாரம் நின்று நின்று வந்ததால் ரவுட்டருக்குள் இருந்த மெமரி கார்டு கெட்டது. பேட்டரிகள் காலத்துக்கு முன்பே செத்தன. மின்னல் தன் பங்கைச் செய்தது.

அதற்கு அவர்கள் கண்ட மருந்து என்ன? சூரிய ஒளிப் பலகைக்கான கன்ட்ரோலர் வழியாகச் சுத்தமான மின்சாரம் கொடுத்தார்கள். பேட்டரி அடிமட்டம் வரை இறங்குமுன் தானாகத் துண்டிக்கும் கருவி வைத்தார்கள். கருவி உறைந்துபோனால் தானே மறுபடி எழும்பும்படி செய்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, உள்ளூர்ப் பணியாளருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அமெரிக்காவிலிருந்து ஒருவர் வந்து பார்க்கவேண்டிய நிலை போய், தேனியில் உள்ளவரே டவர் ஏறிச் சரிசெய்யும் நிலை வந்தபோதுதான் அந்த வலை நிலைபெற்றது.

மிஷன் ஊழியத்தில் இருக்கிற நமக்கு இது புதிய பாடம் அல்ல. இந்த மலையின் வடக்கு அடிவாரத்தில், ஒட்டன்சத்திரத்தில், டாக்டர் ஏ. கே. தரியன், டாக்டர் ஜேக்கப் செரியன் ஆகியோர் 1955-இல் கிறிஸ்தவ ஐக்கிய மருத்துவமனையைத் தொடங்கினார்கள். அது இன்றுவரை நிற்பதற்குக் காரணம் முதல் நாள் போட்ட கொட்டகை அல்ல. அங்கேயே தங்கி, நாள்தோறும் அதைத் தாங்கிய ஜனங்களே காரணம்.

மறுபடி மாற்கு இரண்டாம் அதிகாரத்துக்கு வருவோம். கூரையைப் பிரித்த நான்கு பேரின் விசுவாசத்தைக் குறித்து எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டிருக்கிறோம், செய்தும் இருக்கிறோம். ஆனால் அன்று மாலை அந்தக் கூரை என்ன ஆயிற்று? யாரோ ஏறி அதைச் சரிசெய்திருக்க வேண்டும். அந்த வீட்டில் பிள்ளைகள் இருந்திருப்பார்கள், அடுத்த மழை வந்திருக்கும். சரிசெய்தவர் யார் என்று சுவிசேஷகர் எழுதவில்லை. அவர் இல்லாவிட்டால் அந்த அற்புதத்தின் நினைவு அந்த வீட்டாருக்கு ஒழுகும் கூரையாகவே இருந்திருக்கும்.

காணிக்கை கொடுக்கிற நம் மனதும் அப்படியே. புதிய கட்டிடத்துக்குக் கொடுக்க விரும்புகிறோம், அதில் கல்வெட்டு வைக்கலாம். புதிய டவருக்கும் கொடுப்போம், அதைப் படம் எடுக்கலாம். பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவதற்கு யார் கல்வெட்டு வைப்பார்கள்? பாறை நிலத்தில் குழி ஆழப்படுத்தி, உப்பும் கரியும் போட்டு எர்த் பலப்படுத்துவதை யார் படம் எடுப்பார்கள்? ஆனால் முதல் இடி இடிக்கும் நாளில் ரவுட்டரைக் காப்பாற்றுவது அந்த எர்த் குழியே.

எங்கள் தீர்மானம்

ஆகவே நிர்வாகக் குழுவினரோடு ஜெபித்து ஆலோசித்து, மலைக் கிளினிக்கோடு ரேடியோ இணைப்பு ஏற்படுத்துவதானால் நான்கு நிபந்தனைகளின்பேரிலேயே செய்வது என்று தீர்மானித்திருக்கிறோம்.

முதலாவது, டவருக்கு முன்னே ஆள். மலையிலேயே வாழ்கிற இருவருக்குப் பயிற்சி கொடுத்து, அவர்களுக்கு மாதச் சம்பளத்துக்கும் வழி செய்த பிறகே முதல் கம்பம் நடப்படும். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் மற்றவர் இருக்கவேண்டும், ஆகவே இருவர்.

இரண்டாவது, கருவிக்கு ஒதுக்கும் பணத்துக்குச் சமமான பணம் பராமரிப்புக்கென்று வங்கியில் இருக்கவேண்டும். பேட்டரியும் அடாப்டரும் மாற்றுக்கருவியும் வாங்க அவசர விண்ணப்பம் எழுதும் நிலை வரக் கூடாது.

மூன்றாவது, நோயாளியின் அந்தரங்கம். மத்திய அரசு 2020 மார்ச்சில் வெளியிட்ட தொலைமருத்துவ நெறிமுறைகளின்படி மருத்துவர் தம்மை அறிமுகப்படுத்தி, நோயாளியின் சம்மதத்தோடு மட்டுமே ஆலோசனை சொல்வார். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியம்மாவுக்கும் அந்த உரிமை உண்டு. திரையில் பார்த்தது போதாது என்று தோன்றினால் நேரில் வரச்சொல்வது மருத்துவரின் கடமை. அந்த நாளில் வண்டிச் செலவு ஏழைநோயாளர் நிதியிலிருந்து போகும்.

நான்காவது, பகிர்ந்துகொள்ளுதல். மாலையில் கிளினிக் மூடியபின் அந்த இணைப்பு சும்மா கிடக்கும். பக்கத்திலே கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கக் கொடைக்கானல் வரை பேருந்தில் போகிற பிள்ளை இருக்கும். நம்முடையது என்று பூட்டி வைப்பது கிறிஸ்தவ அன்பு ஆகாது. ஆனால் நம் பெயரில் வாங்கிய இணைப்பை நம் இஷ்டப்படி ஊருக்கு விநியோகிக்கவும் முடியாது; யார் என்ன செய்தார்கள் என்பதற்கு நாம் பொறுப்பு. இதற்கு முறையான வழி ஒன்று இருக்கிறது. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை அனுமதித்த பி.எம். வாணி என்னும் திட்டத்தின்கீழ், ஒரு பெட்டிக்கடைக்காரர்கூடத் தனி லைசென்ஸ் இல்லாமல் பொது வைஃபை நடத்தலாம். கணக்கையும் பயனாளர் அடையாளத்தையும் பதிவுபெற்ற நிறுவனம் பார்த்துக்கொள்ளும். சபையாரும் கிராமத்தாரும் கலந்து பேசி அந்த வழியாகவே பகிர்வோம். ஜாதியோ மதமோ பார்த்துப் பகிரமாட்டோம்.

இந்த நான்கும் கூடிவராவிட்டால், டவர் இல்லாமலேயே இருப்போம். பழுதாகி நிற்கும் டவர், கட்டாத டவரைவிட மோசமானது. அதை நம்பி ஒரு தாய் காத்திருப்பாள்.

அன்பானவர்களே, உங்களிடம் நாங்கள் கேட்பது இதுதான். டவருக்குக் கொடுக்க மனமுள்ளவர்கள் கொடுங்கள், கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பார். ஆனால் கொடுக்கிற ஒவ்வொருவரும் அதில் பாதியைப் பராமரிப்பு நிதிக்கென்று எழுதிக் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். பெரிய தொகை கொடுக்க இயலாதவர்கள் மாதந்தோறும் சிறு தொகை கொடுத்தால், அதுவே இந்த வேலைக்கு ஏற்ற காணிக்கை. மின்சார வேலை தெரிந்தவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்கு முன்பாக, ஒரு வாரம் வந்து எர்த்தையும் வயரையும் சோதித்துத் தரலாம். மருந்து நிதிக்கு எழுதிய அந்த அம்மா தொடர்ந்து மருந்து நிதிக்கே கொடுக்கட்டும், அதிலிருந்து ஒரு ரூபாயும் இங்கே வராது. அவர்கள் கேட்ட கேள்வி எங்களை இவ்வளவு யோசிக்க வைத்தது. அதற்காக அவர்களுக்கு எங்கள் நன்றி.

நோயாளியைச் சுமக்கிற நான்கு பேர் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களோடு கூரையைச் சரிசெய்கிற ஐந்தாவது ஆளும் நம்மிடத்தில் இருக்க ஜெபிப்போம். அந்த ஆள் நீங்களாக இருந்தால், உங்கள் பெயர் எந்தக் கல்லிலும் இராது. ஆனால் மழை பெய்யும் இரவில், மலைமேல் ஒரு நர்ஸ் கீழே உள்ள மருத்துவரைக் கூப்பிடும்போது பதில் கிடைக்கும்.

கர்த்தர் தாமே உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதித்துக் காப்பாராக. ஆமென்.